ஐந்து ஆண்டுகளாக முடியாமல் கிடக்கும் ஒட்டுத்துணிப் போர்வையை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

பென்னாகரத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாயாரின் பருத்திப் புடவைகள், மாமியாரின் சுங்குடிகள், பிள்ளைகளின் சிறுவயதுச் சட்டைகள் ஆகியவற்றை ஆறு அங்குலச் சதுரங்களாக அமைத்து, அகலத்தில் 15, நீளத்தில் 18 என மொத்தம் 270 சதுரங்களை இணைத்து, 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கொண்ட ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கினீர்கள். நடுப்பகுதியைக் கையால் தைத்தீர்கள். பிறகு நேரம் போதாமல் ஓரத்து வரிசைகளைத் தையல் இயந்திரத்தில் இணைத்தீர்கள். மேல்துணி முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. விரித்துப் பார்த்தால் நடுப்பகுதி இழுத்துப் பிடித்தாற்போலவும் ஓரங்கள் அலையலையாகவும் இருக்கின்றன. உள்ளே எந்தப் பஞ்சு வைப்பது, ஒவ்வொரு சதுரத்திலும் பூ வடிவில் தையல் போட வேண்டும் என்ற பழைய எண்ணத்தைத் தொடர்வதா, தையற்கடையில் கொடுத்து முடித்துவிடுவதா என்று தீர்மானிக்க முடியாமல் அது பீரோவில் இருக்கிறது. தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். அதற்குள் முடியுமா என்பதே உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் அதற்கு இரண்டு விஷயங்களுக்கு நீங்கள் மனம் இசைய வேண்டும். இணைத்து முடித்த மேல்துணியை நெடுக்கில் இரண்டு இடங்களில் பிரித்து மூன்று பாகங்களாக்க வேண்டும். 270 பூக்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெரிய போர்வைகளைத் தொடங்கியவர்களில் பாதிப் பேராவது மேல்துணி முடிந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். 270 துண்டுகளைப் பொறுமையாக வெட்டி இணைத்த ஒருவருக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் நிற்பதற்குக் காரணம் வேறு, அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

மேல்துணியை இணைக்கும்வரை அது மடியில் வைத்துச் செய்யும் வேலையாக இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது இரண்டு துண்டு, சோறு வேகும்போது இரண்டு துண்டு என்று நாளில் கிடைக்கும் சிறு இடைவெளிகளில் அது வளர்கிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று முடிந்த நிறைவு கிடைக்கிறது. மேல்துணி முடிந்த மறுநாள் அதே வேலை முற்றிலும் வேறு வேலையாக மாறிவிடுகிறது. இப்போது கையில் இருப்பது ஆறு சதுர மீட்டருக்கும் அதிகமான ஒற்றைத் துணி. அடித்துணியும் நடுவில் ஓர் அடுக்கும் சேர்ந்தால் எடை இரண்டரை, மூன்று கிலோ வரை போகும். அதை விரிக்கக் கூடத்துத் தரை முழுவதும் வேண்டும். விரித்தால் அன்று முழுக்க யாரும் நடமாட முடியாது. பாதியில் சுருட்டினால் அடுக்குகள் நகர்ந்துவிடும். பத்து நிமிட இடைவெளிகளில் செய்யப் பழகிய கைக்கு இந்த வேலை எங்குமே பிடி கொடுப்பதில்லை. அதோடு, தொடக்கத்தில் எடுத்திருக்க வேண்டிய முடிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவை எல்லாம், நடுவில் என்ன வைப்பது, எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது, ஓரத்தை எப்படி மூடுவது என்பவை எல்லாம், ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஆகவே நான் சொல்லப்போகும் வழியின் நோக்கம் ஒன்றுதான்: அந்தப் பெரிய வேலையை மறுபடியும் மடியில் வைத்துச் செய்யும் வேலையாக மாற்றுவது.

முதலில் அலைகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. துணியைத் தேய்த்துத் தரையில் இழுக்காமல் விரித்து, அகலத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள்: மேலோரம், நடு, கீழோரம். ஓரத்தில் 90 அங்குலமும் நடுவில் 88 அங்குலத்தை ஒட்டியும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். காரணம் கணக்கில் இருக்கிறது. அகலத்தில் 15 சதுரங்கள் என்றால் 14 இணைப்புகள். கையால் தைக்கும்போது, கால் அங்குலம் விட நினைத்தாலும், பிசிறு பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சற்று உள்ளே தள்ளித் தைப்பது பெரும்பாலோரின் வழக்கம். இரு துணியிலும் அரை நூல் அளவு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே போனால் ஓர் இணைப்புக்கு ஒரு நூல் குறைகிறது. 14 இணைப்புகளில் 14 நூல், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். இயந்திரத்தில் அழுத்துபாதத்தின் விளிம்பை அளவாக வைத்துத் தைத்த ஓரத்து வரிசைகளில் இந்தக் குறைவு நேரவில்லை. ஆகவே நடு சிறுத்தும் ஓரம் பெருத்தும் நிற்கிறது, கூடுதல் துணி போக இடமின்றி அலையாக எழுகிறது. உங்கள் இரண்டு தையலில் எதுவும் தவறில்லை. இரண்டு அளவுகோல்கள் ஒரே துணியில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவே.

அலை உள்ள துணியின் மேல் கரைத்துணி வைத்துத் தைத்தால் அது அடங்கிவிடும் என்று சிலர் சொல்லுவார்கள். அடங்காது. ஓரத்தின் நீளத்துக்கே கரையை வெட்டித் தைக்கும்போது அந்த ஒன்றே முக்கால் அங்குல அலை கரைக்கும் தொற்றிக்கொள்ளும். நடு அகலத்தை அளவாகக் கொண்டு ஓரத்தை அதற்கு இறக்குவதே சரியான வழி. இதற்குப் பழைய தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. குறைக்கத்தான் போகிறோம் என்பதால், ஓரத்து வரிசைகளில் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் பழைய தையலுக்குச் சற்று உட்புறமாக இன்னொரு தையல் போட்டு, நடுவை நெருங்கும்போது அதைப் பழைய தையலோடு சேர்த்துவிட்டால் போதும். இரண்டு இணைப்புகளை எப்படியும் பிரிக்கப் போகிறோம். மறுபடி சேர்க்கும்போது ஓரத்தை நோக்கி அவற்றில் இரண்டிரண்டு நூல் குறைத்துக்கொள்ளலாம். எஞ்சிய பத்து நூலை மற்ற 12 இணைப்புகளில் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு நூல்கூட வராது, கண்ணுக்கும் தெரியாது. நீளவாக்கிலும் அளந்து பார்த்து இதே முறையைப் பின்பற்றுங்கள். இந்த வேலை ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். துணியைத் தொடவே மனம் வராமல் இரண்டு ஆண்டுகள் இருந்ததற்குப் பெருங்காரணம் இந்த அலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பிரிப்பது. அகலத்தில் ஐந்தாவது சதுரத்துக்கும் ஆறாவதுக்கும் இடையிலும், பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் இடையிலும் மேலிருந்து கீழ்வரை பிரித்துவிடுங்கள். சுமார் 30 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கொண்ட மூன்று பாகங்கள் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளின் உழைப்பைப் பிரிப்பது எத்தனை வலிக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் பெரிய போர்வையைப் பிரிக்கும்போது நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் பிரிபடுவது நெடுக்கில் இரண்டே தையல், 270 சதுரங்களில் ஒன்றுக்கும் எதுவும் நேர்வதில்லை என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தின் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும். திண்ணையில் விரிக்கலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம், அக்காள் வீட்டுக்குப் போகும்போது பையில் எடுத்துச் செல்லலாம்.

நடு அடுக்குக்கு வருகிறேன். இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் தலையணைக்கும் மெத்தைக்கும் அதுதான் என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுவே, எனக்கும் தோன்றியது. என் மாமியாருக்காக நான் தைத்த போர்வையில் இலவம்பஞ்சை நிரப்பினேன். முதல் சலவையிலேயே பஞ்சு முழுவதும் மூலைகளுக்குப் போய்க் கட்டிகளாகத் திரண்டு, நடுவில் வெறும் இரண்டு துணிகள் மட்டுமே எஞ்சின. அந்த இழை வழவழப்பானது, மெழுகுத்தன்மை கொண்டது, எளிதில் ஒடிவது. பருத்தியைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. நூற்கவும் முடியாத இழை அது. அடைத்த இடத்தில் உறைக்குள் கிடக்கும் தலையணைக்கு அது அருமையானது, துவைத்துப் புழங்கும் போர்வைக்கு அன்று. கடைகளில் விரிப்பாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு திரளாது. ஆனால் பல ஆண்டுகள் உடுத்தி மெலிந்த பருத்திப் புடவையின் இழைகளுக்கிடையே அதன் நுண்ணிழைகள் வெளியே நீட்டிக்கொண்டு வந்து, போர்வையின் மேல் நரைமுடிபோல் படியும். அதுவும் உங்கள் துணிக்குப் பொருந்தாது.

பென்னாகரத்தில் பயன்படப் போகும் போர்வைக்குப் பஞ்சே தேவையில்லை என்பது என் கருத்து. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்குத் தைப்பதென்றால் வேறு சொல்லியிருப்பேன். கன்னடத்தில் கௌதி என்று சொல்லப்படும் போர்வைகளிலும், வங்காளத்துக் காந்தாவிலும் நடுவில் இருப்பது பழைய துணிதான். நன்றாக உழைத்து மென்மையான பருத்திப் புடவை ஒன்றைப் பாகத்துக்கு ஒன்றாக நடுவில் வையுங்கள். அது நகராது, திரளாது, அதனால் தையல் வரிசைகளை மூன்று அங்குல இடைவெளியில் போட்டாலே போதும். பஞ்சைத் தளர்வாகப் பரப்பினால் இந்த இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும், வேலையும் அதற்கேற்பக் கூடும். அடித்துணிக்குப் படுக்கை விரிப்பு வாங்காதீர்கள். அதன் நெசவு நெருக்கமானது, மூன்று அடுக்கைத் துளைக்கும்போது ஊசி அதில் முரண்டுபிடிக்கும், விரல் நுனி புண்ணாகும். வீட்டில் பழைய எட்டு முழ வேட்டிகள் மூன்று இருந்தால் அவற்றைவிடச் சிறந்த அடித்துணி கிடையாது: நீளம் 140 அங்குலத்துக்கு மேல், அகலம் ஏறத்தாழ 50 அங்குலம், ஒரு வேட்டியில் ஒரு பாகம் தாராளமாக வரும். வேட்டி இல்லையென்றால் 44 அங்குல அகலமுள்ள காடாத்துணி ஒன்பது மீட்டர் வாங்கி, துவைத்துச் சுருங்கவிட்ட பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தைக்கத் தைக்க அடுக்குகள் உள்வாங்கும்.

சுங்குடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன், நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு சிவப்பு, கருநீலச் சதுரத்தின் மீதும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், மேல்துணியை இந்த நிலையிலேயே நிறையத் தண்ணீரில், நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும், ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது. உப்பிலோ காடியிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. சாயத்தொட்டியில் சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு உதவுவது உண்மையே. ஆனால் ஏறாமல் இழைகளில் தங்கிவிட்ட உபரிச் சாயத்தை, பிற்பாடு போடும் உப்பு பிடித்து நிறுத்தாது. அது அலசித்தான் போக வேண்டும். அலசியும் நிற்காத சதுரம் ஒன்றிரண்டு இருந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவற்றை மாற்றிவிடுங்கள். போர்வை முடிந்து முதல் சலவையில் உங்கள் தாயாரின் வெண்புடவைத் துண்டுகள் இளஞ்சிவப்பாவதைப் பார்ப்பது அதைவிடக் கொடுமை.

மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடிக்கும் தற்காலிகத் தையலில் அவசரப்படாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. அடித்துணியை மறுபக்கம் மேலே இருக்கும்படி தரையில் விரித்து, சுருக்கம் இல்லாத அளவுக்கு மட்டும் இழுத்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் நடுப்புடவை, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசையாக, நீண்ட தளர்ந்த தையல்களால் நெடுக்கும் குறுக்கும் பிடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ச்சி எல்லாம் நடுவில் குவிந்து, பின்புறத்தில் மடிப்பாக விழும். அந்த மடிப்பை நீங்கள் பார்க்கும்போது மேலே பத்து மணி நேரத் தையல் முடிந்திருக்கும். மொட்டைமாடியில் விரிப்பதானால் ஆடிக்காற்று அடங்கிய பிறகு, அதிகாலையில் செய்யுங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பூக்களின் கணக்கைப் பார்ப்போம். உங்கள் எண்ணப்படி ஒவ்வொரு சதுரத்துக்கும் உட்புறமாகக் கால் அங்குலம் தள்ளிச் சுற்றித் தைத்தால், சதுரத்துக்கு 22 அங்குலம், 270 சதுரங்களுக்கு 5,940 அங்குலம், ஏறத்தாழ 151 மீட்டர். கையால் மூன்று அடுக்கைத் துளைத்து ஒழுங்காகத் தைக்க மீட்டருக்கு இருபது நிமிடம் வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்; ஆக 50 மணி நேரம். பூ ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் 270 பூக்களுக்கு 90 மணி நேரம். மொத்தம் 140 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு நாளும் தவறாமல் உட்கார்ந்தாலும் நாலரை மாதத்துக்கு மேல் ஆகும். திருமண வேலைகளுக்கு நடுவே அது நடவாது, நடக்கவேண்டிய அவசியமும் இல்லை. அச்சும் கட்டமும் பூவும் நிறைந்த துணியின் மேல் போடும் நுணுக்கமான தையல் கண்ணுக்கே தெரியாது. அது வெற்றுத்துணியில்தான் எடுபடும். இது தையலின் அழகைக் குறைத்துச் சொல்வது ஆகாது. எந்த இடத்தில் உழைப்பு பார்வைக்கு வருமோ அங்கே அதைச் செலவிட வேண்டும் என்கிறேன்.

ஆகவே பாகத்துக்குப் பத்து நேர்வரிசைகள், மூன்று அங்குல இடைவெளியில், மேலிருந்து கீழாக. மூன்று பாகங்களிலும் 30 வரிசைகள், 3,240 அங்குலம், சுமார் 82 மீட்டர், 27 மணி நேரம். உங்கள் தாயாரின் வெளிர்நிறப் புடவைத் துண்டுகள் 22 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூக்களை அவற்றில் மட்டும் போடுங்கள். ஏழரை மணி நேரம் ஆகும், ஒவ்வொரு பூவும் தெரியும், யாருடைய துணியில் அவை பூத்திருக்கின்றன என்பதும் உங்கள் மகளுக்குத் தெரியும்.

தைக்கும் முறையில் சில குறிப்புகள். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். மெலிந்த பழைய துணியில் பாலியஸ்டர் நூல் துணியைவிட வலிமையாக நின்று, இழுபடும்போது துணியையே கிழிக்கும், அறுந்தால் நூல் அறுவதே நல்லது. ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். நீண்ட நூல் ஒவ்வொரு இழுப்பிலும் உரசி நைந்துவிடும். முடிச்சை மேலே விடாமல், லேசாகச் சுண்டி இழுத்து அடுக்குகளுக்குள் மறைத்துவிடுங்கள். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதும், நெருக்கத்தைவிட ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். அங்குஸ்தான் என்று பழைய தையற்காரர்கள் சொல்லும் விரற்கவசத்தை நடுவிரலில் போட்டுப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் இடைஞ்சலாக இருக்கும், மூன்றாம் நாள் அது இல்லாமல் தைக்க முடியாது. கோடு போடத் தையற்காரர் சாக்பீஸ் அல்லது காய்ந்த சோப்புத் துண்டு. பால்பாயிண்ட் பேனா ஒருபோதும் கூடாது. ஒவ்வொரு பாகத்திலும், அடுத்த பாகத்தோடு சேரவிருக்கும் ஓரத்தில் ஒன்றரை அங்குலம் தைக்காமல் விடுங்கள்.

சேர்க்கும்போது முதலில் மேல்துணிகளை மட்டும், மற்ற இரண்டு அடுக்குகளையும் ஊசி குத்தி ஒதுக்கிவிட்டு, இயந்திரத்திலேயே இணைக்கலாம். அதன்பின் போர்வையைக் கவிழ்த்து, நடுப்புடவைகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி வெட்டி, முட்டவைத்துத் தளர்வாகத் தைத்து, அடித்துணிகளில் ஒன்றைத் தட்டையாக விட்டு மற்றொன்றை மடித்து அதன்மேல் ஹெம்மிங் செய்ய வேண்டும். இரண்டு இணைப்புகளுக்கும் சேர்த்து ஐந்தரை மீட்டர் ஹெம்மிங். இரண்டு மாலைகளில் முடியும். இந்தக் கட்டத்தில்தான் போர்வை முதன்முறையாக முழு எடையோடு உங்கள் கைக்கு வருகிறது, ஆனால் அதற்குள் தைக்கவேண்டியதில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

தையற்கடையில் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுப் போர்வையாகக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. சாதாரணத் தையல் இயந்திரத்தில் ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. 90 அங்குலப் போர்வையின் நடுவைத் தைக்க வேண்டுமானால் 45 அங்குலத் துணியைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணிக்க வேண்டும். எத்தனை தேர்ந்த தையற்காரரானாலும் மேலடுக்கு நகர்ந்து மடிப்பு விழும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் போர்வை அப்படித்தான் கெட்டது. பிரித்துச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது. ஆனால் 30 அங்குலப் பாகத்தின் நடுவைத் தைக்க 15 அங்குலம் சுருட்டினால் போதும். நேரம் உண்மையிலேயே நெருக்கினால், தற்காலிகத் தையலை நீங்களே போட்டு, நேர்வரிசைகளை மட்டும் பாகம் பாகமாகக் கடையில் ஓட்டிக்கொள்ளலாம். பூக்களையும் ஓரத்தையும் உங்கள் கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்லது வீட்டிலுள்ளோரோடு பகிர்ந்துகொள்வது. நம் தருமபுரி மாவட்டத்திலேயே, அரூரை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் போர்கை என்ற கைவினைக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். ஒரு சில மூத்த பெண்களின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்த பூத்தையலை, அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணி செய்துவரும் மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தில், இளையவர்கள் மீண்டும் கற்றுக்கொண்டார்கள். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் நான் கண்ட விதி ஒன்று உண்டு: ஒரே வகைத் தையலை ஒரே கை செய்ய வேண்டும். ஒரு பாகத்தில் உங்கள் தையலும் நாத்தனார் தையலும் கலந்தால் வேறுபாடு தெரியும். அவர் மூன்று பாகங்களுக்கும் தற்காலிகத் தையலும் ஹெம்மிங்கும் பார்த்துக்கொள்ளட்டும், நேர்வரிசைகள் முழுவதும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியில் ஓரம். சுற்றளவு 396 அங்குலம், பத்து மீட்டருக்குச் சற்று மேல். இரண்டரை அங்குல அகலத்தில் பத்துப் பட்டிகள் வெட்டிச் சாய்வாக இணைத்தால் போதும், அறுபத்தைந்து சென்டிமீட்டர் துணி ஆகும். நேர் ஓரமுள்ள போர்வைக்குக் கிராஸ் துணி, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய துணி, தேவையில்லை. அது இழுபட்டு, நீங்கள் சிரமப்பட்டு நீக்கிய அலையைத் திரும்பக் கொண்டுவரும். பட்டியை இரண்டாக மடித்து, முன்பக்கம் இயந்திரத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கித் தொடங்கினால் மூலை கூர்மையாக அமையும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் இந்த ஓரச் சிக்கலையே வேறு வகையில் கடந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. அவர்களுடைய கவந்தி என்னும் போர்வையில் மேல்துணியைத் தனியாக இணைப்பதே கிடையாது; அடித்துணியின் ஓரத்தில் துண்டுகளை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். ஓரம் முதலில் முடிந்துவிடுகிறது, நடுவை அடையும்போது போர்வையும் முடிந்துவிடுகிறது. நான்கு மூலைகளிலும் பூலா என்று சொல்லப்படும் சிறு துணிமடிப்பை வைத்துத் தைக்காவிட்டால் அதை முழுமையான போர்வையாக அவர்கள் கருதுவதில்லை. நீங்கள் அடுத்த போர்வை தைத்தால் அந்த முறையை முயன்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓரத்தைச் சரிசெய்ய ஐந்து மணி நேரம், தற்காலிகத் தையலுக்கு ஆறு, நேர்வரிசைக்கு 27, பூக்களுக்கு ஏழரை, இணைப்புக்கும் பட்டிக்குமாக ஏழெட்டு: ஏறத்தாழ 54 மணி நேரம். ஆவணி முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், நவராத்திரி, தீபாவளி நாட்களை விட்டாலும் கார்த்திகைக்குள் முடியும். தோளும் கழுத்தும் வலிக்கும் என்பதால் ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்தி வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.

முதல் சலவையை மழை ஓய்ந்து மார்கழி வெயில் வரும்வரை தள்ளிவையுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் அழுக்குப் படலம்போலத் துணியில் படிந்து வெண்மையை மங்கவைக்கும். உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிறதென்றால் அதைப் பிடித்து வைத்து, திரவச் சலவைப்பொருள் கொஞ்சமாகக் கலந்து, தேய்க்காமல் மிதித்துத் துவையுங்கள். நனைந்த போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே தையல்களை இழுத்துவிடும். மாடியில் பாய் விரித்து அதன்மேல் பரப்பி, நடுப்பகலில் ஒருமுறை புரட்டிப் போட்டு, இரண்டு நாள் காயவிடுங்கள். வெட்டி மீந்த புடவைத் துண்டுகளையும் போர்வையோடு ஒருமுறை துவைத்து, ஒரு சிறு பையில் போட்டு, போர்வையோடு சேர்த்தே மகளிடம் கொடுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சதுரம் கிழிந்தால், அதே துணி அவளிடம் இருக்கும்.